நெல்லில் போரான் குறையும் மிகையும்: உழவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரிப் பாசனப் பகுதியில் மண் பரிசோதனை அறிக்கைகளை உழவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் இருப்பதால், போரான் பற்றி ஒரே வகையான ஐயங்களைப் பருவந்தோறும் கேட்டுவருகிறேன். துத்தநாகக் குறையைப் பற்றி நம் உழவர்களுக்கு நன்றாகத் தெரியும். போரானோ அண்மைக் காலத்தில்தான் அறிக்கையில் ஒரு வரியாக இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்து அள்ளிப் போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். பொருட்படுத்தாமல் விட்டு விளைச்சலை இழந்தவர்களையும் கண்டிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

போரான் என்பது யூரியா, பொட்டாஷ் மாதிரி ஓர் உரமா?

பயிருக்கு இன்றியமையாத சத்து என்ற வகையில் அதுவும் தழை, மணி, சாம்பல் சத்துகளைப் போன்றதுதான். தேவைப்படும் அளவில்தான் வேறுபாடு. ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 17 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. அதே ஒரு டன் நெல்லுக்கு அது எடுக்கும் போரான் சுமார் 15 கிராம் மட்டுமே. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தால், வைக்கோலும் நெல்லும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் போரான் 40 கிராமுக்கும் குறைவு. ஆகவேதான் இதை நுண்ணூட்டச் சத்து என்கிறோம்.

பயிருக்குப் போரான் தேவை என்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்தரின் வாரிங்டன் 1923இல் ஒருவகை அவரையில் செய்துகாட்டினார். போரானே இல்லாத கரைசலில் வளர்ந்த செடிகளின் குருத்துகள் கருகின. மேலே சொன்ன 15 கிராம், 40 கிராம் என்ற சிறிய எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு அவைதான் அடிப்படை.

இத்தனை சிறிய அளவு நெல்லுக்குள் என்னதான் செய்கிறது?

பயிரின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் உள்ள பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது போரான். புதிய செல்கள் வேகமாக உண்டாகும் இடங்களில், அதாவது குருத்து, வேர் நுனி, பூ ஆகியவற்றில் இந்தப் பிணைப்பு ஓயாமல் தேவைப்படுகிறது. புல் வகைப் பயிர்களின் செல் சுவரில் பெக்டின் குறைவு. எனவே பயறு, நிலக்கடலை, பருத்தி போன்றவற்றைவிட நெல்லுக்குப் போரான் தேவையும் குறைவே.

ஆனால் பூக்கும் காலத்தில் நிலைமை வேறு. மகரந்தம் நல்லபடி உருவாவதற்கும், அது சூல்முடியில் விழுந்தபின் மெல்லிய குழாயாக நீண்டு சூலைச் சென்று அடைவதற்கும் போரான் வேண்டும். இலை பச்சையாக, தூர் நிறைந்து செழிப்பாகத் தெரியும் பயிரில்கூட, அந்த ஒரு வாரத்தில் போரான் போதாமல் போனால் மணி பிடிக்காது. வயலை வரப்பில் நின்று பார்த்துப் போரான் நிலையை முடிவு செய்ய முடியாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

குறை இருந்தால் பயிரில் எப்படித் தெரியும்?

கடுமையான குறையில், புதிதாக வெளிவரும் இலைகளின் நுனி வெளுத்துச் சுருண்டிருக்கும். பயிர் குட்டையாகும். குருத்து செத்துப்போனாலும் பக்கத்தில் புதுத் தூர்கள் கிளம்புவதுண்டு. கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்தில் குறை கடுமையாக இருந்தால் கதிரே வராமல் போகலாம். போரான் நெல்லில் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு எளிதில் நகர்வதில்லை. ஆகையால் குறையின் அடையாளம் எப்போதும் இளம் இலைகளில்தான் முதலில் தோன்றும்.

நம் வயல்களில் இத்தகைய கடுமையான அடையாளம் அரிது. பெரும்பாலும் காண்பது வெளியே தெரியாத குறை: இலையில் ஒன்றும் இராது, அறுவடையில் பதர் கூடியிருக்கும். இலை நுனி வெளுப்பதற்கு உப்புத்தன்மை, சுண்ணாம்புச் சத்துக் குறை, வெண்நுனி நோயை உண்டாக்கும் நூற்புழு ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், நுனி வெளுத்ததைக் கண்டவுடன் போரான் வாங்க ஓட வேண்டாம்.

கதிர் நன்றாக வந்தது. பாதிக்குப் பாதி சாவி. இது போரான் குறைதானே?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகமாக வருகிறது. பெரும்பாலான வேளைகளில் என் பதில், "அப்படி உடனே சொல்ல முடியாது" என்பதே. சாவி, அதாவது மணி பிடிக்காத பதர், விழுவதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே வந்தால்தான் போரானுக்கு வந்துசேர முடியும்.

முதலில் கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுக் கதிரும் வெளுத்து, இழுத்தவுடன் கையோடு வந்தால் அது குருத்துப் பூச்சி உண்டாக்கிய வெண்கதிர். மணியின் உமியில் குத்திய பழுப்புப் புள்ளி இருந்து, உள்ளே பால் உறிஞ்சப்பட்டிருந்தால் கதிர் நாவாய்ப் பூச்சி. கதிர், கண்ணாடி இலை எனப்படும் கடைசி இலையின் உறைக்குள் பாதி சிக்கி, உறையும் அழுகியிருந்தால் இலையுறை அழுகல். கதிரின் கழுத்தில் கறுத்திருந்தால் குலைநோய். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்துக் காலநிலையைப் பார்க்க வேண்டும். பூத்த நாட்களில் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும், மழை விடாமல் பெய்தாலும், வயல் காய்ந்தாலும் மகரந்தம் வீணாகும். குறுவையில் வெப்பமும் சம்பாவில் மழையும் இந்த வேலையைச் செய்கின்றன.

இவ்வளவையும் விலக்கிய பின், வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக, எல்லாக் கதிர்களிலும் ஆங்காங்கே மணிகள் தட்டையாக, உள்ளே பால் ஏறிய சுவடே இல்லாமல் இருந்து, அதே வயலில் முந்தைய ஆண்டுகளிலும் அவ்வாறே நடந்திருந்தால், அப்போது போரானைச் சந்தேகிப்பது நியாயம். உறுதி செய்வது மண் பரிசோதனையும் இலைப் பரிசோதனையும்தான்.

எந்த மண்ணில் குறை வரும்? எங்களுடையது களிமண், எங்களுக்கும் வருமா?

மணற்பாங்கான, கரிமச்சத்துக் குறைந்த நிலங்களில் எளிதில் வரும். போரான் நீரோடு அடியில் இறங்கிவிடுகிறது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டாவின் இலேசான மண் இந்த வகையில் கவனிக்கத்தக்கது. இரண்டாவது, சுண்ணாம்பு மிகுந்த களர்ப்பாங்கான நிலங்கள். இவற்றில் போரான் இருக்கும். ஆனால் மண் துகள்கள் அதை இறுகப் பற்றிக்கொள்வதால் வேருக்குக் கிடைக்காது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் பாஸ்மதி விளையும் சுண்ணாம்பு நிலங்களிலும், வட பிகாரின் சுண்ணாம்பு வண்டல்களிலும் போரான் குறை நெடுநாளாக அறியப்பட்டது. அமிலத்தன்மையுள்ள, மழை மிகுந்த ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் பகுதிகளிலும் அது பரவலாக உண்டு.

பழைய டெல்டாவின் கனத்த களிமண்ணில் குறை வருவதற்கான வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. தமிழ்நாட்டை முழுதாக எடுத்துக்கொண்டாலும், துத்தநாகக் குறைதான் போரான் குறையைவிடப் பரவலானது. எனவே துத்தநாக சல்பேட் இடாமல் போரானைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்களிடம், முதலில் துத்தநாகத்தைக் கவனியுங்கள் என்றே சொல்கிறேன்.

வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே. அதனால் போரான் கூடுமா, குறையுமா?

இரும்பு, மாங்கனீசு போன்றவை நீர் தேங்கிக் காற்றோட்டம் நின்றவுடன் உருமாறுகின்றன. போரான் அவ்வாறு மாறுவதில்லை. ஆனால் நீர் தேங்கும்போது மண்ணின் கார அமில நிலை (pH) நடுநிலையை நோக்கி நகர்கிறது. அமில மண்ணில் அது ஏறும்போது போரானை மண் சற்று அதிகமாகப் பற்றிக்கொள்ளும். கார மண்ணில் அது இறங்கும்போது கொஞ்சம் போரான் விடுபடும். மண் போரானை மிக இறுகப் பற்றிக்கொள்வது கார அமில நிலை 8 முதல் 9 வரை இருக்கும்போது.

இன்னொன்று கவனியுங்கள். போரான் பெரும்பாலும் இலைகள் நீரை ஆவியாக்கும் ஓட்டத்தோடு மேலே ஏறுகிறது. வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்து, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஓட்டம் தளரும். கார்த்திகை, மார்கழியில் பூக்கும் சம்பாவில் மண்ணில் ஓரளவு போரான் இருந்தும் கதிருக்குப் போதாமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம்.

அறிக்கையில் போரான் 0.38 பிபிஎம் என்று இருக்கிறது. இது குறைவா?

வெந்நீரில் கரையும் போரானை அளந்த எண்ணாக இருந்தால், 0.5 பிபிஎம்மே (ஒரு கிலோ மண்ணில் அரை மில்லி கிராம்) நெல்லுக்கு எல்லைக்கோடு; அதற்குக் கீழே குறை எனக் கொள்ளலாம். 0.38 என்பது குறைதான், ஆனால் மிகக் கடுமையான குறை அல்ல. 5 பிபிஎம்முக்கு மேல் போனால் மிகை. தூர் கட்டும் பருவத்திலிருந்து கதிர் உருவாகும் பருவம் வரை இளம் இலையைப் பறித்து ஆய்வு செய்தால், கிலோவுக்கு 5 மில்லி கிராமுக்குக் கீழே குறை, 6 முதல் 15 வரை போதுமானது, 100ஐத் தாண்டினால் நஞ்சு. மண்ணில் குறைக்கும் மிகைக்கும் நடுவே பத்து மடங்கு இடைவெளி இருப்பதாகத் தோன்றும். ஆனால் கையால் வீசும்போது ஓரிடத்தில் கொத்தாக விழுந்தால் அந்த இடைவெளி ஒரே நாளில் கடந்துபோகும்.

மாதிரி எடுப்பதில் ஒரு சிறப்புக் கவனம் தேவை. மண்ணையும் நீரையும் கண்ணாடிப் புட்டியில் கொண்டுசெல்லாதீர்கள். ஆய்வகக் கண்ணாடிகள் பலவற்றில் போரான் கலந்திருக்கிறது, அது நீரில் இறங்கி அளவைக் கெடுக்கும். புதிய பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் புட்டியும் போதும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய புட்டியும் வேண்டாம். சில சலவைத் தூள்களில் போரான் சேர்மங்கள் உண்டு.

சரி, எவ்வளவு போட வேண்டும்? மாவுக்குக் கணக்குச் சொல்லுங்கள்.

பரிசோதனையில் குறை என்று உறுதியானால், ஹெக்டேருக்கு 1 கிலோ போரான் நெல்லுக்குப் போதுமானது. வெண்காரம் எனப்படும் போராக்ஸில் 10.5 சதவீதம் போரான் இருப்பதாகக் கொண்டால், அது ஹெக்டேருக்கு 10 கிலோ, ஏக்கருக்கு 4 கிலோ, மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோவுக்குள் வரும். அதை 20, 25 கிலோ உலர்ந்த மணலோடு நன்றாகக் கலந்து, கடைசி உழவின்போது அல்லது சமன்படுத்தியவுடன், நடவுக்கு முன் ஒரே சீராக வீசுங்கள். நாற்றங்காலில் இடாதீர்கள், விதை முளைக்கும் நேரத்தில் சிறு மிகையும் கேடு.

ஒரு பயிர் 40 கிராமுக்கும் குறைவாகத்தான் எடுக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன். ஏக்கருக்கு 4 கிலோ வெண்காரம் இடும்போது 420 கிராம் போரான் போகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி நீரோடு இறங்கினாலும், ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஆதலால் களிமண்ணில் பருவந்தோறும் இட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பயிர்கள் எடுத்தபின் மறுபடி பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மணல் நிலத்தில் அவ்வளவு காலம் தங்காது; அங்கே அளவைப் பாதியாக்கி ஆண்டுதோறும் இடுவதே நல்லது.

கடையில் மூன்று விதமாக இருக்கிறது: வெண்காரம், போரிக் அமிலம், போரான் 20 சதவீதம். எதை வாங்குவது?

அடியுரமாக இட வெண்காரமே போதும்; விலையும் குறைவு. தெளிப்பதற்கு டைசோடியம் ஆக்டாபோரேட் என்று பையில் அச்சிட்டிருக்கும் 20 சதவீதப் பொருள் ஏற்றது. குளிர்ந்த நீரிலேயே எளிதில் கரையும். போரிக் அமிலத்தில் 17 சதவீதம் போரான் உண்டு. அதையும் தெளிக்கலாம், ஆனால் கரைய நேரமெடுக்கும், கொஞ்சம் வெந்நீரில் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் பையின் பெயரைவிட அதில் உள்ள போரான் சதவீதத்தைப் பாருங்கள். வெண்காரத்துக்குச் சொன்ன 4 கிலோவை 20 சதவீதப் பொருளில் இட்டால் போரான் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். இந்தக் கணக்குப் பிழையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேரம் போர்டுக்குப் போடும் பவுடரும் போரிக் அமிலம்தானாமே? அதைக் கரைத்துத் தெளிக்கலாமா?

வேண்டாம். அது பெரும்பாலும் போரிக் அமிலம்தான் என்றாலும், உரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அளவும் தூய்மையும் குறிப்பிட்டு விற்கப்படும் பொருள் அல்ல. எவ்வளவு போரான் போகிறது என்று தெரியாமல் போரான் தெளிப்பது வீண் வேலை.

அடியுரமாகப் போட மறந்துவிட்டேன். தெளித்தால் போதுமா? எந்த நாளில் தெளிப்பது?

குறை உறுதியான நிலத்தில் அடியுரமே முதன்மை என்பது என் கருத்து. கதிர் தன் போரானை வேர் வழியாகத் தொடர்ந்து பெறும்படி செய்வதுதான் நம்பகமான வழி. மறந்துபோனால் தெளிப்பு கைகொடுக்கும், ஆனால் சரியான நாளில் செய்தால்தான். தூர் கட்டும் பருவத்தில் இலையில் விழுந்த போரான் அந்த இலையிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து வரும் கதிருக்கு அது போய்ச்சேராது.

மகரந்தம் உருவாவது கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, தொண்டைக்கதிர்ப் பருவத்தில். கண்ணாடி இலையின் கழுத்து, அதற்கு முந்தைய இலையின் கழுத்துக்குச் சமமாக வரும் சமயமே அதற்கான அடையாளம். நாள் கணக்கு வேண்டுமென்றால் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அறுவடைக்கு 30 நாள் முன் பூக்கும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன் தெளிப்பு. 110 நாள் குறுவை ரகத்துக்கு இது விதைத்த 68, 70ஆம் நாளை ஒட்டியும், 135 நாள் ரகத்துக்கு 93, 95ஆம் நாளை ஒட்டியும் வரும். லிட்டருக்கு 1 கிராம் ஆக்டாபோரேட் வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 40 கிராம் போரான் போகிறது. அது முழுப் பயிரின் தேவைக்கே ஈடானது. லிட்டருக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மாலையில் தெளியுங்கள். கதிர் வெளிவந்து பூக்கும் நாட்களில், முற்பகலில் பூ விரிந்திருக்கும்போது எந்தத் தெளிப்பும் ஆகாது.

பூச்சிமருந்தோடும் துத்தநாகத்தோடும் ஒரே டேங்கில் கலக்கலாமா? கூலி மிச்சமாகுமே.

வெண்காரக் கரைசல் காரத்தன்மை உடையது. சில பூச்சிமருந்துகள் காரத்தில் சீக்கிரம் சிதைந்து வீரியம் இழக்கும். துத்தநாக சல்பேட்டும் கால்சியம் சேர்ந்த உரங்களும் அதோடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். நாசில் அடைத்துக்கொள்வதோடு இரண்டு சத்தும் வீணாகும். கூலிச் சுமை எனக்குப் புரிகிறது. அப்படியும் கலக்க நேர்ந்தால், ஒரு சொம்பு நீரில் அதே விகிதத்தில் முதலில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தால் தனித்தனியாகத்தான் தெளிக்க வேண்டும்.

நெல் நுண்ணூட்டக் கலவை போடுகிறேன். அதற்குமேல் தனியாகப் போரான் வேண்டுமா?

கலவையின் பையில் போரான் சதவீதத்தைப் பார்த்து, இடும் கிலோவால் பெருக்கிப் பாருங்கள். மண்ணில் குறை இல்லாத நிலத்துக்குக் கலவையே போதும். குறை இருந்தால், கலவையில் போகும் போரானைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வெண்காரமாக இடுங்கள்.

போரான் அதிகமானால் பயிர் எப்படி இருக்கும்?

மூத்த இலைகளின் நுனி முதலில் மஞ்சளாகும். மஞ்சள் ஓரங்களின் வழியே கீழிறங்கும். அடுத்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் அந்த இடங்களில் கரும்பழுப்பு நிறத்தில் நீள்வட்டப் புள்ளிகள் தோன்றி, பின் அவை சேர்ந்து காய்ந்துபோகும். கதிர் உருவாகும் பருவத்தில் இவை நன்றாகப் புலப்படும். நீர் ஆவியாகி வெளியேறும் இடம் இலை நுனி. அதோடு வந்த போரான் வெளியேற வழியில்லாமல் அங்கேயே குவிகிறது. குறை இளம் இலையில் தெரியும், மிகை முதிர்ந்த இலையில் தெரியும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

தூர் எண்ணிக்கையோ உயரமோ வெகுவாகக் குறைவதில்லை என்பதால், பலர் இதைப் பழுப்புப் புள்ளி நோய் என்று நினைத்துப் பூசணக்கொல்லி தெளிக்கிறார்கள். அந்த நோயின் புள்ளிகள் இலையின் பரப்பெங்கும் சிதறி, மஞ்சள் வளையத்தோடும் நடுவில் சாம்பல் நிறத்தோடும் இருக்கும். போரான் மிகையின் புள்ளிகள் நுனியையும் ஓரத்தையும் விட்டு விலகுவதில்லை. சாம்பல்சத்துக் குறையிலும் நுனியும் ஓரமும் பழுக்கும் என்பதால், கடைசிச் சொல் இலைப் பரிசோதனைக்கே.

நான் போரான் போட்டதே இல்லை. பிறகு மிகை எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மழையை விடுத்து 1,000 மில்லிமீட்டர் பாசன நீர் கட்டினால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர். அந்த நீரில் லிட்டருக்கு 0.1 மில்லி கிராம் போரான் இருந்தாலே, ஒரு பருவத்தில் 400 கிராம் போரான் வயலுக்கு வந்துவிடுகிறது. நாம் வெண்காரமாக இடச்சொன்ன அளவும் அதுதான். 0.5 மில்லி கிராம் இருந்தால் 2 கிலோ. வெண்காரக் கணக்கில் 19 கிலோ. லிட்டருக்கு 2 மில்லி கிராமைத் தாண்டிய நீர் நெல்லுக்கு ஆகாது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நவரையும் குறுவையும் செய்கிறவர்கள் மண்ணை மட்டும் பரிசோதித்துவிட்டுப் போரான் இடுவது பாதிக் கணக்குதான் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

பிலிப்பைன்ஸில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள லாஸ் பானோஸ் பகுதியிலேயே, எரிமலைச் சார்பு கொண்ட ஆழ்கிணற்று நீரால் நெல்லில் போரான் நஞ்சு அறியப்பட்டது. நீரைத் தவிர, அனல் மின் நிலையச் சாம்பலும் ஒரு வழி. புதிய சாம்பலில் எளிதில் கரையும் போரான் உண்டு. மண்ணைப் பொலபொலப்பாக்க அதை வண்டி வண்டியாகக் கொட்டுவதற்கு முன் ஆய்வு செய்யுங்கள். நகரக் கழிவுநீர் கலந்த வாய்க்காலிலும் சலவைத் தூளின் போரான் சேர்கிறது.

எங்கள் ஊர் கடலோரம். கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. போரான் நஞ்சாகிவிடுமா?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 4.5 மில்லி கிராம் போரான் இருக்கிறது, அச்சம் நியாயமானதே. ஆனால் உங்கள் கிணற்று நீரில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் போரான் 0.45தான் ஆகும், அதே கலப்பில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத் திறனோ மீட்டருக்கு 5 டெசிசைமனை எட்டிவிடும். நெல்லின் விளைச்சல் மண் உப்பு 3 டெசிசைமனைத் தாண்டியவுடன் சரியத் தொடங்குகிறது. ஆகவே நாகப்பட்டினம் கரையோரம் போன்ற இடங்களில் முதல் பகை உப்புதான். அதைக் கழுவி வெளியேற்றுவதற்கே முதலிடம் கொடுங்கள்.

கழுவும்போது ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். உப்பு போன வேகத்தில் போரான் போகாது. மண் அதைப் பற்றிக்கொள்வதால், அதே அளவு குறைக்க உப்புக்குத் தேவைப்பட்டதைப் போல மூன்று மடங்கு நீர் வேண்டியிருக்கும். உப்பு சரியாகிவிட்டது என்று அறிக்கை வந்தபின்னும் ஒருமுறை போரானைச் சோதிப்பது நல்லது.

துத்தநாக சல்பேட் என்று நினைத்து ஏக்கருக்கு 10 கிலோ வெண்காரத்தை வீசிவிட்டோம். பயிர் போய்விடுமா?

இரண்டும் வெள்ளைப் படிகம். பை மாறினால் கண்டுபிடிப்பது கடினம். உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 10 கிலோவில் ஏறத்தாழ 1 கிலோ போரான் இருக்கிறது. ஓர் ஏக்கரின் மேல் மண் சுமார் 8 லட்சம் கிலோ என்றால், அத்தனையும் அப்படியே தங்கினாலும் மண்ணில் 1.2 அல்லது 1.3 பிபிஎம்தான் ஏறும். 5 பிபிஎம் எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. வயல் முழுவதும் சீராக வீசியிருந்தால் களிமண்ணில் நெல்லுக்குப் பெரும்பாலும் கேடு வராது.

கொத்தாக விழுந்த இடங்களிலும் மணல் நிலத்திலும் நுனி கருகலாம். வீசிய ஓரிரு நாளிலேயே தெரிந்துகொண்டால், நிற்கும் நீரை வடிகாலில் வடித்துவிட்டு நல்ல நீர் கட்டுங்கள். பக்கத்து வயலுக்குள் வடிய விடாதீர்கள். இந்தப் பருவத்தில் நுண்ணூட்டக் கலவையோ போரான் தெளிப்போ வேண்டாம். துத்தநாகம் இன்னும் இடப்படவில்லை என்பதையும் மறந்துவிடாமல் இட்டுவிடுங்கள்.

அறுவடைக்கு முன் உளுந்து விதைப்போம். நெல்லுக்குப் போட்ட போரான் உளுந்தைப் பாதிக்குமா?

சரியான அளவில் இட்டிருந்தால் மிச்சம் உளுந்துக்கு நன்மையே. பயறு வகைகளுக்கு நெல்லைவிட அதிகப் போரான் தேவை. ஆனால் பயறு வகைகள் மிகையைத் தாங்கும் திறனும் குறைந்தவை. பாசிப்பயறு, எள், நிலக்கடலை ஆகியவற்றுக்கு மண்நீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் போரானே எல்லைக்கு அருகில். முந்தைய பதிலில் சொன்ன 10 கிலோ போல ஏதேனும் நடந்த வயலில், நெல் தாங்கிக்கொண்டதே என்று நம்பிப் பயறு விதைக்காதீர்கள். முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

மிகையை முறிக்க மருந்து இல்லையா? தாங்கும் ரகம் உண்டா?

முறிக்கும் மருந்து என்று ஒன்றில்லை. வரும் வழியை அடைப்பதும், வந்ததைக் கழுவுவதுமே முறை. கிணற்று நீரை ஆற்றுநீரோடு கலந்து பாய்ச்சலாம். கோடையில் நிலத்தைத் தரிசாக விட்டு உலர்ந்த நிலையில் உழுதால், ஈரம் மேலேறி ஆவியாகும்போது போரானும் மேல் மண்ணுக்கு வரும். அதன்பின் போரான் குறைந்த நீரைக் கட்டி வடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இதற்குக் கிடைத்த வரம், வடிகால் திறந்திருந்தால். களர் நிலத்தில் ஜிப்சம் இடுவதும் உதவும்.

ரகங்களுக்கிடையே வேறுபாடு இருப்பது உண்மை. ஐ.ஆர். 36 எளிதில் பாதிக்கப்படும் ரகம் என்றும், ஜப்பானிய வகை நெல்களில் பல தாங்கும் என்றும் ஜப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்தத் தாங்குதிறனுக்குக் காரணமான மரபணு ஒன்றை 2011இல் அடையாளம் கண்டார்கள். ரகத்தை மாற்றுவதற்கு முன் நீரைச் சோதியுங்கள்.

ஒரே வயலில் ஒரு பக்கம் குறையும் இன்னொரு பக்கம் மிகையும் இருக்க முடியுமா?

முடியும். மேடான, மணல் ஏறிய மூலையில் போரான் கழுவப்பட்டுப் போயிருக்கும்; நீர் வந்து தேங்கி, வடியாமல் அங்கேயே ஆவியாகும் பள்ளத்தில் அது சேர்ந்திருக்கும். இரண்டு இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், அறிக்கை "போதுமானது" என்று வரும். இரண்டு மூலையும் நோயோடேயே இருக்கும். ஆகையால் பயிர் வேறுபட்டுத் தெரியும் இடங்களுக்குத் தனித்தனி மாதிரி எடுங்கள், கிணற்று நீருக்கு ஒரு புட்டி தனியாக. பள்ளத்துக்கு வடிகால் வெட்டுவதும், மேட்டுக்கு மட்டும் மாவுக்கு அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை வெண்காரம் மணலில் கலந்து வீசுவதும், அறிக்கை கைக்கு வந்தபிறகு.